மலேரியாக் கிருமியின் மாறுவேடம்

அம்மை ஒருமுறை கண்டவரை மறுமுறை தீண்டாது என்பது நம் மக்கள் நெடுங்காலமாக அறிந்த உண்மை. பெரியம்மை உலகைவிட்டு ஒழியும் முன்னர், அந்நோயுற்றுப் பிழைத்தவரையே நோயாளிக்குத் துணையாக இருத்துவது வழக்கம். தட்டம்மைக்கும் இவ்விதி பொருந்தும். ஆனால் மலேரியா என்னும் குளிர்காய்ச்சல் இவ்விதிக்குக் கட்டுப்படுவதில்லை. ஒருமுறை கண்டவரை அது பத்து முறையும் காணும். நம் உடல் ஒருமுறை எதிர்த்த பகைவனை மறவாது என்று உடலியல் கூறுகின்றது. அங்ஙனமாயின் இந்தக் கிருமியை மட்டும் அது மறப்பது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடையைச் சுருக்கமாக முன்னரே கூறிவிடலாம். உடல் மறப்பதில்லை, கிருமியே தன் முகத்தை மாற்றிக்கொள்கின்றது. ஆனால் அஃது ஏன் மாற்றுகின்றது, எவ்வாறு மாற்றுகின்றது, அதனை அறிஞர் எங்ஙனம் கண்டறிந்தனர் என்பன சற்று விரிவாகக் காணத் தக்கவை.

உயிரியல் மாணவனாகிய நான் இப்பொருளைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர் கொல்லங்கோடு. பாலக்காட்டுக் கணவாயின் தென்புறத்தில், நெல்லியாம்பதி மலையின் அடிவாரத்தில் அமைந்த எல்லை ஊர். 1956 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்றும் தமிழும் மலையாளமும் அங்கே ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும். எங்கள் வீட்டு முதியோர் மலேரியாவை மலைக்காய்ச்சல் என்பர். “அம்மை வந்தால் ஒருதரம், மலைக்காய்ச்சல் வந்தால் வருசத்துக்கு ஒருதரம்” என்று என் பாட்டி கூறுவார். அறிவியலார் பல்லாண்டு முயன்று விளக்கிய புதிர் அவ்வொரு வரியில் அடங்கியிருப்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே நான் உணர்ந்தேன்.

கிருமியின் வாழ்க்கை

மலேரியாவை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் என்னும் ஓரணு உயிர். 1880இல் அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதனை நோயாளியின் குருதியில் முதன்முதலாகக் கண்டார். இது கொசுவின் உடலிலும் வளர்கின்றது என்பதை 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். அதே ஆண்டின் முற்பகுதியில் அவர் நீலகிரிச் சாரலில் உள்ள சீகூர்ப் பள்ளத்தாக்குக்குச் சென்று, ஆராயப் போன நோயைத் தாமே பெற்றுத் திரும்பினார் என்பது நம் பகுதியினர் அறியவேண்டிய செய்தி.

அனாபிலிஸ் பெண் கொசு கடிக்கும்பொழுது கிருமிகள் சில நம் குருதியிற் புகுந்து, விரைவில் ஈரலை அடைகின்றன. அங்கே சில நாட்கள் மறைவாகப் பெருகுகின்றன. பின்னர் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டுச் சிவப்பணுக்களைத் துளைத்து உட்புகுகின்றன. காய்ச்சல் தொடங்குவது இதன்பின்னரே. மலேரியா வகைகளுள் மிகக் கொடியதாகிய பால்சிப்பாரம் 48 மணி நேரத்தில் ஒரு சிவப்பணுவினுள் ஏறக்குறைய 16 முதல் 32 வரை குட்டிகளாகப் பிரிந்து, அணுவை உடைத்துக்கொண்டு வெளிவந்து, புதிய அணுக்களைத் தேடுகின்றது. சுற்றுக்குச் சுற்றுப் பத்து மடங்கு பெருகுவதாகக் கொண்டாலும், ஒரு கிருமி பத்துச் சுற்றில், அதாவது இருபது நாளில், ஆயிரங் கோடி ஆகிவிடும். இதனைத் தடுத்து நிறுத்தவல்லது நம் எதிர்ப்பாற்றல் ஒன்றே.

வெளியே தலைகாட்டுவது ஏன்?

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. சிவப்பணு என்பது கிருமிக்கு மிகச் சிறந்த ஒளிவிடம். நம் உடலின் பிற அணுக்கள் தம்முள் புகுந்த பகைவனின் துணுக்குகளை வெளியே காட்டிக் காவலரை அழைக்கும் ஆற்றல் உடையவை. சிவப்பணுவுக்கு உட்கருவும் இல்லை, அவ்வாற்றலும் இல்லை. உள்ளே ஓசையின்றி இருந்துவிட்டால் கிருமியை யாரும் அறியார். ஆயினும் பால்சிப்பாரம் தானே ஒரு புரதத்தை உருவாக்கி, அதனைச் சிவப்பணுவின் மேற்பரப்புக்கு அனுப்பி, சிறு குமிழ்களின்மேல் நிறுத்துகின்றது. ஒளிந்திருப்பவன் தன் பெயர்ப்பலகையைத் தானே வாயிலில் மாட்டுவது போன்றதன்றோ இது? ஏன் இந்த விபரீதம்?

காரணம் மண்ணீரல். எங்கள் ஊரிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலையில் கோவிந்தாபுரம் சோதனைச் சாவடி உண்டு. அச்சாவடியைப் போன்று, குருதி ஓட்டத்தில் வரும் சிவப்பணுக்களைச் சோதிக்கும் உறுப்பு மண்ணீரல். அதன் குறுகிய இடுக்குகளின் வழியே நல்ல சிவப்பணு வளைந்து நெளிந்து செல்லும். கிருமி வளர்ந்த அணுவோ விறைத்துப்போகின்றது. அது சாவடியில் சிக்கி அழியும். ஆகவே கிருமிக்கு ஒரே வழி, சாவடிப் பக்கமே செல்லாதிருப்பது. 48 மணி நேர வாழ்வின் பிற்பாதி முழுவதும் அது சிறு குருதிக் குழாய்களின் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்கின்றது. பற்றிக்கொள்ள ஒரு கொக்கி வேண்டும். மேற்பரப்பில் நிற்கும் அப்புரதமே அந்தக் கொக்கி.

இதனால் விளையும் கேடு நோயாளிக்கே. மூளையின் நுண்குழாய்களில் இவ்வாறு அணுக்கள் அடைத்துக்கொள்ளும்பொழுது நினைவிழப்பும் இறப்பும் நேர்கின்றன. கொக்கி கிருமிக்கு உயிர்காப்பு, நமக்கு உயிர்க்கொல்லி.

ஆனால் கொக்கி வெளியே நிற்பதால் நம் எதிர்ப்பாற்றல் அதனை அறிந்துகொள்கின்றது. சில நாட்களில் அக்கொக்கிக்கெனவே பொருந்தும் எதிர்ப்பொருள்கள் குருதியில் தோன்றுகின்றன. அவை கொக்கியை மூடுகின்றன. அணுவை விழுங்கும் வெள்ளணுக்களையும் அழைக்கின்றன. கொக்கியை நீக்கினால் மண்ணீரல் அழிக்கும். நிறுத்தினால் எதிர்ப்பொருள் அழிக்கும். இவ்விரு இடிகளுக்கும் நடுவே கிருமி கண்ட வழி கொக்கியின் உருவை மாற்றுவது. பற்றும் தொழில் ஒன்றே. முகம் மட்டும் வேறு.

மந்திகள் தந்த விளக்கம்

இவ்வுண்மை முதலில் வெளிப்பட்டது மனிதரிடத்தன்று, குரங்குகளிடத்தே. கதை கல்கத்தாவில் தொடங்குகின்றது. 1930களின் தொடக்கத்தில், சிங்கப்பூரிலிருந்து கொணரப்பட்ட ஒரு குரங்கின் குருதியில் புதியதொரு மலேரியாக் கிருமி காணப்பட்டது. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த நோல்ஸ், தாஸ் குப்தா ஆகிய இருவரும் அதனை ஆராய்ந்து, 1932இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். நோல்ஸ் பெயரால் அது நோலெசி எனப் பெயர் பெற்றது.

1965இல் பிரௌன் என்னும் குடும்பப்பெயருடைய ஆய்வாளர் இருவர் இந்த நோலெசியைக் குரங்குகளில் நெடுநாள் வளர்த்துச் சோதித்தனர். கிருமிகளின் எண்ணிக்கை ஏறி, இறங்கி, மீண்டும் ஏறியது. ஒவ்வோர் ஏற்றத்தின் பின்னரும் எடுத்த குருதிநீர், அந்த ஏற்றத்துக் கிருமியணுக்களைத் திரளச் செய்தது. அடுத்த ஏற்றத்தில் வந்தவற்றைத் திரளச் செய்யவில்லை. அதாவது ஒவ்வொரு முறையும் வந்தவை புதிய முகத்துடன் வந்தன. மண்ணீரல் நீக்கப்பட்ட குரங்குகளில் நோலெசி இம்மேற்பரப்புப் புரதத்தையே காட்டாது விட்டுவிடுகின்றது என்று 1980களின் தொடக்கத்தில் வேறு சிலர் காட்டினர். சாவடி இல்லாத சாலையில் வேடம் எதற்கு?

இனி நம் அண்டை நாட்டுக்கு வருவோம். 1965இல் இலங்கைக் குரங்குகளிடமிருந்து பிராஜிலே என்னும் மற்றொரு மலேரியாக் கிருமியைத் திசாநாயக்க, நெல்சன், கார்ன்ஹம் ஆகியோர் விவரித்தனர். நோலெசிச் சோதனைகள்மேல் ஒரு குறை கூறப்பட்டிருந்தது. அச்சோதனைக்குரிய குரங்கு அக்கிருமியின் இயற்கை விருந்தோம்பி அன்று. ஆகவே இயற்கையில் இவ்வாறு நிகழும் என்பதற்கு உறுதி என்ன என்பதே அக்குறை. கொழும்பில் பணியாற்றிய சிரோமா ஹந்துன்னெத்தி, காமினி மெண்டிஸ் ஆகியோர் டேவிட் என்பாருடன் சேர்ந்து இக்குறையை நீக்கினர். ஒரே கிருமியிலிருந்து பெருகிய பிராஜிலே வழித்தோன்றல்களை அவற்றின் இயற்கை விருந்தோம்பியாகிய இலங்கைச் செங்குரங்குகளில் செலுத்திக் கவனித்தனர். ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையாயினும் அடுத்தடுத்த ஏற்றங்களில் வேறு வேறு மேற்பரப்பு உருவங்கள் தோன்றியதை 1987இல் வெளியிட்டனர். உருமாற்றம் வெளியிலிருந்து வந்த கலப்பன்று, ஒரே கிருமியின் உள்ளிருந்தே பிறப்பது என்பது இயற்கைச் சூழலிலேயே நிலைநாட்டப்பட்டது.

நீலகிரியிலும் 1960களின் தொடக்கத்தில் நாட்டுக்குரங்குகளிடம் மலேரியாக் கிருமிகள் காணப்பட்டன. அதனைப் பரப்பும் காட்டுக் கொசு எலிகன்ஸ் என்னும் அனாபிலிஸ் இனம் என்பதும் அங்கேயே அறியப்பட்டது. நம் மலைகளுக்கும் இவ்வாராய்ச்சி வரலாற்றில் இடமுண்டு.

பெட்டிக்குள் அறுபது பாவைகள்

மனிதரைத் தாக்கும் பால்சிப்பாரத்தின் மேற்பரப்புப் புரதம் 1984இல் கண்டறியப்பட்டது. அதனை ஆக்கும் மரபணுத் தொகுதி 1995இல் மூன்று ஆய்வுக் குழுக்களால் ஒரே சமயத்தில் வெளியிடப்பட்டது. அத்தொகுதிக்கு ‘வார்’ மரபணுக்கள் என்று பெயர். 2002இல் கிருமியின் மரபணுக் குறிப்பு முழுவதும் படிக்கப்பட்டபொழுது, ஏறத்தாழ 60 வார் மரபணுக்கள் இருப்பது தெளிவாயிற்று. பெரும்பாலானவை நிறமிகளின் நுனிகளை ஒட்டி அமைந்துள்ளன.

பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் கம்பன் பாடலைப் பாடி நிகழ்த்தும் தோற்பாவைக் கூத்தை நம்மில் சிலர் கண்டிருக்கலாம். ஒருவரிடம் 60 பாவைகள் உள்ள பெட்டி இருப்பதாகவும், அவர் ஒரு நேரத்தில் ஒரே பாவையைத் திரையில் காட்டுவதாகவும் கொள்வோம். கிருமியின் நிலையும் அதுவே. 60 மரபணுக்களுள் ஒன்றே திறந்திருக்கும். ஏனையவற்றின் இழைகள் இறுகச் சுருண்டு மூடிக்கிடக்கும். கிருமி பிளவுறும்பொழுது எந்த மரபணு திறந்திருந்ததோ அதுவே பெரும்பாலும் குட்டிகளிலும் திறந்திருக்கும். சிலவற்றில் மட்டும் அது மூடி, வேறொன்று திறக்கும். ஆய்வகத்தில் வளர்த்த ஒரு கிருமி வழியில், ஒரு தலைமுறைக்கு நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு இவ்வாறு மாறியதாக 1992இல் அளவிடப்பட்டது. எல்லா வழிகளிலும் இவ்வேகம் ஒன்றாக இருப்பதில்லை.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்கவேண்டும். எதிர்ப்பொருள் வருவதைக் கண்டு கிருமி அஞ்சி வேடம் மாற்றுகின்றது என்று எண்ணலாகாது. கிருமிக்கு அறிவும் இல்லை, அச்சமும் இல்லை. மாற்றம் எப்பொழுதும் தற்செயலாய் நிகழ்ந்துகொண்டேயிருக்கின்றது. உடலில் நூறு கோடிக் கிருமிகள் ஒரே முகத்துடன் இருக்கையில், சில இலட்சம் வேறு முகத்துடன் இருக்கும். எதிர்ப்பொருள் பெரும்படையை அழிக்கும், சிறுபான்மையை அறியாது. அச்சிறுபான்மையே அடுத்த ஏற்றத்தின் பெரும்படை. இஃது இயற்கைத் தேர்வின் ஓர் எடுத்துக்காட்டு; நூலில் ஊழிக்கணக்காகக் கூறப்படுவது இங்கே ஒரு நோயாளியின் குருதியில் சில வாரங்களில் நிகழ்ந்து முடிகின்றது.

ஒரே நேரத்தில் 60 பாவைகளையும் காட்டினால் என்ன? உடல் அறுபதையும் ஒருங்கே கற்றுக்கொள்ளும். பெட்டி ஒரே நாளில் காலியாகும். ஆகவே ஒன்றொன்றாய்ச் செலவிடும் சிக்கனமே கிருமியைப் பல மாதங்கள் வாழவைக்கின்றது. கொசு வந்து கடிக்கும் வரை காத்திருக்க இக்காலம் அதற்கு வேண்டும்.

மேலும், உலகிலுள்ள பால்சிப்பாரக் கிருமிகள் அனைத்துக்கும் அதே 60 பாவைகள் அல்ல. இரு வேறு வழிக் கிருமிகள் ஒரே கொசுவின் வயிற்றில் கூடும்பொழுது மரபணுக்கள் வெட்டப்பட்டுப் புதிதாய் இணைகின்றன. பாவைகள் வெட்டப்படும் பட்டறை கொசுவின் வயிறு எனலாம்.

வைவாக்ஸ் என்னும் வகை மீண்டும் மீண்டும் வருவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதன் கிருமிகளுட் சில ஈரலில் உறங்கிக் கிடந்து, பல மாதங்கள் கழித்து விழிக்கின்றன. என் பாட்டி கூறிய ஆண்டுக்கொரு காய்ச்சலுக்கு இதுவும் காரணமாயிருக்கலாம். புதுக் கொசுக்கடி, உறங்கி விழித்தல், முகமாற்றம் என்னும் மூன்றையும் ஒன்றெனக் கொண்டு குழம்பலாகாது.

குழந்தையும் தாயும்

அவ்வாறாயின் மலேரியாவுக்கு எதிர்ப்பாற்றலே உண்டாவதில்லையா? உண்டாகின்றது, மெல்ல உண்டாகின்றது. 1961இல் காம்பியா நாட்டில் கோஹன், மக்ரெகர், காரிங்டன் ஆகியோர், பல்லாண்டு நோயுற்று எதிர்ப்பாற்றல் பெற்ற பெரியவர்களின் குருதிப் புரதத்தைப் பிரித்து, நோயுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தினர். குழந்தைகளின் குருதியில் கிருமிகள் வெகுவாகக் குறைந்தன. பெரியவர் குருதி பல முகங்களையும் அறிந்த அனுபவசாலி என்பது இதனால் புலனாயிற்று.

1998இல் கென்யாவில் நடந்த ஆய்வு இதனை மேலும் தெளிவாக்கியது. நோயுற்ற குழந்தையின் உடலில், நோய்க்கு முன்னரே பல கிருமி முகங்களுக்கு எதிர்ப்பொருள்கள் இருந்தன. தன்னை நோயில் தள்ளிய கிருமியின் முகத்துக்கு மட்டும் பெரும்பாலும் இல்லை. கிருமி அக்குழந்தையின் அறிவில் உள்ள இடைவெளியைக் கண்டு நுழைந்திருந்தது. குழந்தை பிழைத்தால் அந்த இடைவெளி அடைபடும். எண்ணிப் பாருங்கள்: ஆப்பிரிக்கக் குழந்தை ஒவ்வொரு முகத்தையும் தன் உயிரைப் பணயம் வைத்தே கற்கவேண்டியிருக்கின்றது. கற்றுமுடிக்கும் முன்னரே இறக்கும் குழந்தைகள் ஆண்டுதோறும் பல இலட்சம்.

தாய்மாரின் நிலை இன்னும் வியப்பானது. எதிர்ப்பாற்றல் நிரம்பிய பெண்ணும் முதல் முறை கருவுறும்பொழுது மலேரியாவுக்கு எளிதில் இரையாகின்றாள். கருவுறும்பொழுது நஞ்சுக்கொடி என்னும் புதிய உறுப்பு தோன்றுகின்றது. அதன் பரப்பில் உள்ள ஒரு சர்க்கரைப் பொருளைப் பற்றிக்கொள்ளும் தனிக் கொக்கி கிருமியின் பெட்டியில் இருக்கின்றது. அப்பொருளை 1996இல் கண்டறிந்தனர். பற்றும் கொக்கி ‘வார் 2’ வகையைச் சேர்ந்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதுவரை அக்கொக்கிக்கு அவள் உடலில் வேலையில்லை. ஆகவே எதிர்ப்பொருளும் இல்லை. குழந்தை எடை குறைந்து பிறக்கின்றது; சில வேளை பிறவாமலே போகின்றது. இரண்டாம், மூன்றாம் பேற்றில் தாய் அம்முகத்தையும் அறிந்துவிடுகின்றாள். முதற்பிள்ளை கொடுத்த விலையில் அடுத்த பிள்ளைகள் காக்கப்படுகின்றன.

அட்டப்பாடியின் அரிவாளணு

இனி எங்கள் மாவட்டத்திலேயே உள்ள ஒரு சான்றைக் கூறுவேன். 1952இல் லேமன், கட்புஷ் ஆகியோர் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாளணு மரபு இருப்பதைக் கண்டு வெளியிட்டனர். பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடிப் பழங்குடியினரிடமும் வயநாட்டிலும் அது காணப்படுகின்றது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இம்மரபணுவைப் பெற்ற பிள்ளையின் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, தாங்கொணா வலியையும் இரத்தச் சோகையையும் தருகின்றன. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்குப் பெருந்தீங்கில்லை. மாறாகக் கொடிய மலேரியாவிலிருந்து பாதுகாப்பு உண்டு. இதனை 1954இல் ஆலிசன் ஆப்பிரிக்காவில் நிறுவினார்.

பாதுகாப்பின் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நம் பொருளோடு இணைந்தது. அத்தகையோரின் சிவப்பணுவில் கிருமியின் கொக்கிப் புரதம் மேற்பரப்புக்குச் சரியாக வந்து சேர்வதில்லை என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. கொக்கி குறைந்தால் பிடியும் தளரும். மலைக்காய்ச்சல் நிறைந்த காடுகளில் நூற்றாண்டுக்கணக்காய் வாழ்ந்த மக்கள் அக்கொக்கியை எதிர்த்துப் பெற்ற கேடயம் இது. காய்ச்சல் பெரும்பாலும் அகன்றுவிட்டது. கேடயத்தின் சுமையோ அட்டப்பாடிக் குழந்தைகள்மேல் இன்னும் கிடக்கின்றது. அவர்களுக்குரிய மருத்துவ உதவியை இரக்கமாக அன்றிக் கடமையாகக் கருதுதல் தகும்.

நாம் அறிய வேண்டுவன

1953இல் தொடங்கிய தேசிய மலேரியாத் தடுப்புத் திட்டமும் டி.டி.டி. மருந்தும் நாடெங்கும் நோயைப் பெரிதும் குறைத்தன. ஆயினும் மெத்தனம் புகுந்தது. 1976இல் இந்தியாவில் 64 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றதாகக் கணக்கிடப்பட்டது. இலங்கையில் 1963இல் 17 பேருக்கு மட்டுமே கண்ட நோய், அப்பத்தாண்டின் இறுதியில் இலட்சக்கணக்கானோரைத் தாக்கியது. அந்நாடு அயராது உழைத்து 2016இல் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றைப் பெற்றது.

இவ்வரலாற்றில் உருமாறும் புரதத்தின் பங்கு யாது? முகங்களை அறிந்த நினைவு, நோய் விலகிய ஊரில் பிள்ளைகளுக்கு உண்டாவதே இல்லை. பெரியவர்க்கும் மெல்லத் தேய்கின்றது. கொல்லங்கோட்டுப் பிள்ளைகளும் இம்மன்றத்து மாணவரும் இன்று அந்நிலையினர். இது குறையன்று, காய்ச்சலின்றி வளர்ந்தோம் என்பதற்கு அடையாளம். ஆனால் ஒடிசாவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ பணிக்குச் செல்லும் நம்மவர், ஆறு வயதுக் குழந்தைக்கு உள்ள எதிர்ப்பாற்றலும் இல்லாமல் செல்கின்றனர் என்பதை மறத்தலாகாது. திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால் அன்றே குருதிச் சோதனை செய்துகொள்ளவேண்டும். சென்றுவந்த ஊரை மருத்துவரிடம் கூறவேண்டும். மருந்தைத் தொடங்கினால், காய்ச்சல் நின்றதும் நிறுத்தாமல் முழுமையாக உண்ணவேண்டும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. நோய் மிகுந்த இடங்களில் வளர்ந்து நம் ஊர்களுக்கு உழைக்க வருவோரிற் சிலர், பல முகங்களை அறிந்த எதிர்ப்பாற்றலால், காய்ச்சலின்றியே சில கிருமிகளைச் சுமந்திருக்கக் கூடும். அவர்கள் நோய் பரப்புவோர் என்று ஒதுக்குதல் அறியாமை. அவர்களுக்கு இலவசச் சோதனையும் மருந்தும் கொசுவலையும் கிடைக்கச் செய்வதே அவர்க்கும் நமக்கும் காப்பு.

தடுப்பூசி குறித்து ஒரு சொல். 2021இலும் 2023இலும் உலக நலவாழ்வு நிறுவனம் குழந்தைகளுக்காக இரு தடுப்பூசிகளைப் பரிந்துரைத்தது. இரண்டாவது நம் புனேயில் உருவாக்கப்படுகின்றது. இவ்விரண்டும் சிவப்பணுவின் மாறுவேடக்காரனைத் தேடிச் செல்லவில்லை. கொசு செலுத்தியவுடன், ஈரலை அடையும் முன்னர் கிருமி அணிந்துள்ள வேறொரு போர்வையைக் குறிவைக்கின்றன. வேடமணியும் முன்னரே வழியில் மறிக்கும் முயற்சி இது. பாதுகாப்பு முழுமையானதன்று, ஆயினும் பல குழந்தைகளின் உயிரைக் காக்கின்றது. நஞ்சுக்கொடிக் கொக்கிக்கு எதிரான தடுப்பூசிகள் சோதனை நிலையில் உள்ளன. அக்கொக்கி ஒரே தொழிலுக்கென அமைந்ததால் பெரிதும் உருமாற இயலாது என்பதே ஆய்வாளரின் நம்பிக்கை.

எத்தனை முகங்கள் மாறினும் பற்றும் தொழில் மாறுவதில்லை; அத்தொழிலுக்கு இன்றியமையாத பகுதி எதுவோ அதனைக் கண்டு தாக்குவதே இனி வரும் ஆய்வின் வழி. கல்கத்தாவிலும் கொழும்பிலும் நீலகிரியிலும் எளிய கருவிகளைக் கொண்டே பெரிய உண்மைகள் காணப்பட்டன. நம்முள் உயிரியலும் மருத்துவமும் பயில்வோர் இத்துறையில் நுழைவார்களாக. ஏனையோர் தத்தம் ஊரில் கொசு வளரும் நீர்த்தொட்டியை மூடிவைத்தாலும் அதுவும் இப்போரில் ஒரு பங்கேயாகும்.